சபாபதி சாரின் எழுபத்தோராம் பக்கம்

எழுத்தாளராகப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிற தம்பிகளே, இன்னும் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிற தங்கைகளே, முதலில் என்னைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் நாற்பத்தொரு புத்தகங்கள் எழுதியிருக்கிறேன். ஒன்றின் அட்டையிலும் என் பெயர் கிடையாது. உள்ளேயும் கிடையாது. கடைசிப் பக்கத்து நன்றியுரையில் சமையல் காண்டிராக்டர் பெயர் இருக்கும், மைக் செட் போட்டவர் பெயர் இருக்கும், என் பெயர் மட்டும் இருக்காது. இருக்கக் கூடாது என்பதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

என் தொழில் அடுத்தவர் சுயசரிதையை எழுதித் தருவது. சிரிக்காதீர்கள். சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கமெல்லாம் ரிட்டயரான அதிகாரிகளும் வாத்தியார்களும் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். எண்பது வயதானதும் பிள்ளைகள் சதாபிஷேகம் செய்கிறார்கள். வந்தவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் அதில் தேங்காயோடு ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கும். இப்போது யார் வீட்டிலும் டப்பா வைக்க இடமில்லை. அதனால் தேங்காய், வெற்றிலை பாக்கு, கூடவே எண்பது வயதுக்காரரின் வாழ்க்கை வரலாறு, வழவழ அட்டை போட்டு. தேங்காயை மறுநாள் சட்னி அரைத்துவிடுவார்கள். புத்தகம் பைக்குள்ளேயே கிடக்கும். அந்தப் பைக்குள் கிடக்கிற இலக்கியத்தை இருபது வருடம் படைத்துவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றேன்.

நாவல் எழுதப் போகிற எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கொட்டாவி விடுவது தெரிகிறது. உங்கள் நாவலில் வருகிற ஆள் எழுந்து வந்து உங்கள் கழுத்தைப் பிடிக்க மாட்டான். என் புத்தகத்தில் வருகிற அத்தனை பேரும் கையில் போன் வைத்திருப்பவர்கள். அந்த பயத்தோடு எழுதிப் பழகினால் எதையும் எழுதலாம்.

ஆரம்பத்தில் ஒரு தலைமையாசிரியருக்கு எழுதினேன். பள்ளிக்கூடம், மாணவர்கள், இன்ஸ்பெக்ஷன், நல்லாசிரியர் விருது என்று நூற்றுத் தொண்ணூறு பக்கம். விழா நடந்த அன்று பந்தியில் அவர் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எந்தப் பக்கத்திலம்மா வருகிறேன் என்று வெகுளியாகக் கேட்டார். புரட்டினேன். முப்பத்தெட்டாம் பக்கத்தில், ‘இதற்கிடையே எனக்குத் திருமணமும் நடந்தது’ என்று இருந்தது. அவ்வளவுதான். ஐம்பத்து நாலு வருடம் அந்த மனிதருக்குச் சோறு போட்டவர் ‘இதற்கிடையே’வில் போய்விட்டார். அந்த அம்மா எனக்கு இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றச் சொன்னார். 

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஆள் பேசப் பேச எழுதிக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும், யாரைப் பற்றி அவர் பேசவில்லை என்று தனியாக ஒரு தாளில் எழுதுவேன். அந்தத் தாளில்தான் புத்தகம் இருக்கும். இந்தப் பழக்கத்தை நீங்களும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒரு ஆபத்து உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அதற்கு முன்னால் இன்னொருவரைச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் ஒரு வாரப் பத்திரிகையில் வேலை பார்த்தேன். அங்கே எனக்கு மேலே ஒரு துணையாசிரியர். வெற்றிலை, பூதக்கண்ணாடி, கோபம், இந்த மூன்றும்தான் அவர் சொத்து. ஒருமுறை ஒரு பேட்டியில், பேசியவர் சொல்லாத வரி ஒன்றை நான் ஜோடித்துச் சேர்த்திருந்தேன். நல்ல வரி. கண்டுபிடித்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். “ஜோடிக்கிறது தப்பில்லம்மா. ஆனா அந்த ஆளு நாளைக்கு இந்த வரியைத் தூக்கிக்கிட்டு ரோட்ல நடந்து போகணும். அதை யோசிச்சியா?” என்றார். தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு எப்போதும் சுலபமாக வரும்.

சில வருடங்களுக்கு முன் செம்பாக்கத்தில் சபாபதி சார் என்று ஒருவர் கூப்பிட்டார். டெலிபோன் இலாகாவில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. பதினோரு நாள் உட்கார்ந்து பேசினார். பேசினார் என்றா சொன்னேன்? டிக்டேட் செய்தார். “பாயிண்ட் நம்பர் ஒன்” என்று ஆரம்பிப்பார். கையில் ஒரு ஃபைல், ஃபைலுக்குள் தலைப்புகள், தலைப்புக்குக் கீழே அ, ஆ, இ. எந்த எக்ஸ்சேஞ்சில் எத்தனை லைன், எந்த மழையில் எந்தக் கேபிள் முழுகியது என்று அவருக்கு அத்தனையும் மனப்பாடம். நாலாவது நாள் எனக்கே கனவில் டயல் டோன் கேட்க ஆரம்பித்தது.

கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒரு தம்பி. இரும்புலியூர்ல. நெக்ஸ்ட் பாயிண்ட்” என்றார்.

செம்பாக்கத்திலிருந்து இரும்புலியூர் ஆட்டோவில் அரை மணி. எங்கேயோ அஸ்ஸாமில் இருக்கிற தம்பியைச் சொல்வது போலச் சொன்னார். அன்றிரவு என் தாளில் ‘தம்பி’ என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

மிச்சத்தை அவர் மனைவி லலிதாம்மாதான் சொன்னார். என்னை வழியனுப்ப கேட் வரை வருவார். தினமும் கேட்டில் ஐந்து நிமிஷம். ஐந்து நிமிஷம் ஐந்து நிமிஷமாக முழுக் கதையும் வந்துவிட்டது. தம்பி பெயர் குமரேசன். எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றித் தருகிற ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்தார். டெலிபோன் வேண்டும் என்றால் எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. மறைமலை நகரில் ஒரு ஃபாக்டரியில் குமரேசனிடம், மோட்டார் வேலை எல்லாம் உனக்கே தருகிறோம், ஆனால் மெஷின் நின்றால் உடனே கூப்பிட ஒரு போன் வேண்டும் என்றிருக்கிறார்கள். அண்ணன் அந்தக் காத்திருப்போர் பட்டியலுக்கே அதிகாரி. தம்பி போய்க் கேட்டார். அண்ணன், வரிசைப்படி வரும் என்று சொல்லிவிட்டார். வரிசைப்படி வருவதற்குள் வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. குமரேசன் இதே கேட்டில் வந்து நின்று கத்திவிட்டுப் போனார். அதோடு சரி. முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அம்மா காரியத்தில்கூட ஆளுக்கொரு மூலையில் நின்றார்களாம்.

“இவர் பண்ணது ரைட்டா தப்பான்னு எனக்குத் தெரியாது மேடம். ஆனா தம்பி வந்து கேட்ட அன்னிக்கு ராத்திரி இவர் சாப்பிடலை. எதுக்குன்னு இன்னிய வரைக்கும் சொன்னதில்லை” என்றார் லலிதாம்மா.

சாப்பிடாத ஒரு ராத்திரி கிடைத்தால் என்னைப் போன்றவளுக்கு அது போதாதா? நூற்றைம்பது பக்கக் கேபிளுக்கு நடுவில் ஒரே ஒரு மனுஷ இடம். கை அரித்தது. துணையாசிரியர் சொன்னது ஞாபகம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஞாபகம் வந்தது. எழுபத்தோராம் பக்கத்தை எழுதினேன். இப்படிப் போனது அது:

‘அன்று இரவு நான் சாப்பிடவில்லை. பகலில் அலுவலகத்தில் எல்லோரும் போன பிறகு, என் தம்பியின் விண்ணப்பத்தை வரிசைக் கட்டிலிருந்து உருவினேன். இரண்டு இடம் முன்னால் வைத்தேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். விதிப்படி நான் செய்தது சரி. தம்பி, உன்னிடம் நான் நடந்துகொண்டது சரியில்லை. அன்றைக்கே உன் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லியிருக்க வேண்டும்.’

சாப்பிடாதது மட்டும் நிஜம். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

முழுப் புத்தகத்தையும் பி.டி.எஃப். ஆக அவர் வாட்ஸாப்புக்கு அனுப்பினேன். இருபது நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. சம்பந்தி பெயருக்கு முன்னால் இனிஷியல் விட்டுப்போயிருக்கிறது, அட்டையில் மூக்குக்கண்ணாடி பளபளக்கிறது, மற்றபடி ஓகே, அச்சுக்குக் கொடுக்கலாம். இரண்டு விரலால் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். என் நாற்பத்தொரு பேரில் அச்சுக்கு முன்னால் தன் வாழ்க்கையைத் தானே படித்தவர் மூன்று பேர் தேற மாட்டார்கள். வாழ்ந்தாகிவிட்டது, இதில் படிக்க வேறு என்ன இருக்கிறது என்ற எண்ணம்.

இங்கேதான் என் தப்பு. அந்த இருபது நிமிஷப் பதிலைப் பார்த்ததும் நான் போனை எடுத்து, சார், எழுபத்தொன்றை மட்டும் என் எதிரில் படியுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வெட்டிவிடுவார் என்று தெரியும். அதனால் சொல்லவில்லை. என் வரியைக் காப்பாற்றிக்கொள்ள அந்த மனிதரை ரோட்டில் நடக்க விட்டேன். நல்ல வரி எழுதியவர்களுக்கு வருகிற திருட்டுத்தனம் இது. உங்களுக்கும் வரும், பாருங்கள்.

தாம்பரம் மேற்கில் ஒரு அச்சகத்தில் முந்நூறு பிரதி போட்டு வீட்டில் இறக்கியாயிற்று. விழாவுக்கு முதல் நாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. லலிதாம்மா பேசினார். ஏரிக்கரையில் கூட நடக்கிற நண்பருக்கு சார் ஒரு பிரதி கொடுத்திருக்கிறார். அந்தப் புண்ணியவான் ராத்திரியே படித்துவிட்டு, காலையில் சாரைக் கட்டிப் பிடித்து, அந்தத் தம்பி பக்கத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றிருக்கிறார். எந்தத் தம்பி பக்கம் என்று சார் கேட்டிருக்கிறார். உடனே வாங்கோ மேடம், இவருக்கு பி.பி. ஏறிக்கிட்டே போறது என்றார்.

ஆட்டோ பிடித்துப் போனேன்.

சபாபதி சார் நடுக் கூடத்தில் நின்றிருந்தார். சுற்றிலும் புத்தகக் கட்டுகள். தம்பியைப் பற்றி எப்படி எழுதலாம் என்று கேட்பார், மன்னிப்புக் கேட்டதாக எப்படிப் போடலாம் என்று கேட்பார் என்று வழியெல்லாம் பதில் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் கேட்டது வேறு.

“அப்ளிகேஷனை ரெண்டு இடம் முன்னால வச்சேன்னு போட்டிருக்கீங்க. இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு? ரெக்கார்டு டாம்பரிங். யாராவது ஒருத்தன் இந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினா விஜிலென்ஸ் என்கொயரி வரும்.”

“சார், நீங்க ரிட்டயராகி இருபது வருஷமாச்சு” என்றேன்.

“பென்ஷன் வருதில்ல?” என்றார்.

அந்த ஆபீஸே இப்போது அங்கே இல்லை, விண்ணப்பக் கட்டு பழைய பேப்பருக்குப் போயிருக்கும், எல்லோர் கையிலும் ஆளுக்கு இரண்டு போன் இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். காதில் விழவில்லை. அந்தப் பக்கம் போக வேண்டும், இல்லையென்றால் ஒரு பிரதியும் மண்டபத்துக்கு வராது என்றார். கடைசி அஸ்திரமாக ஒன்றை எடுத்து விட்டேன். எழுபத்தொன்றை வெட்டினால் பின்னால் எழுபத்திரண்டும் போகும். எழுபத்திரண்டில்தான் அவர் மந்திரி கையால் கேடயம் வாங்குகிற போட்டோ இருக்கிறது. அந்தப் போட்டோவுக்காகவே அவர் இந்தப் புத்தகத்துக்கு ஒப்புக்கொண்டார் என்று லலிதாம்மா சொல்லியிருக்கிறார். சார் புத்தகத்தைப் புரட்டி அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

“போகட்டும். வெட்டுங்க” என்றார்.

அச்சகக்காரருக்குப் போன் போட்டேன். அவருக்கு ஒரே சிரிப்பு. “இன்னா மேடம், போன வாரம் ஒட்டிக் குடுத்தத இன்னிக்கு அறுக்கச் சொல்றீங்க? நம்ம பசங்கல்லாம் ஊருக்குப் போய்க்கீறாங்க. ஒரு ஸ்டீல் ஸ்கேலும் புது பிளேடும் இருந்தா நீங்களே பண்ணிக்கலாம். ஒரு விரல் ஓரம் வுட்டு அறுங்க, இல்லாங்காட்டி பக்கத்துத் தாளும் கையோட வந்துரும்” என்று யோசனை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்தோம், நான், லலிதாம்மா, அவர்கள் மகள் உமா, மூன்று பேரும். விரித்து, ஸ்கேல் வைத்து, சர்க்கென்று ஒரு இழுப்பு. என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய ஒரே நல்ல பக்கத்தை என் கையாலேயே அறுத்தேன். நூறு வரை எனக்கு அழுகை வந்தது. நூறுக்கு மேல் இடுப்பு வலிதான் வந்தது. சார் நாற்காலியில் உட்கார்ந்து, வெட்டிய பிரதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிச் சரி பார்த்து அடுக்கினார். வெட்டிய தாள்களைக் கட்டிக் கொல்லைப்புறம் கொண்டுபோய்த் தானே நின்று கொளுத்திவிட்டு வந்தார்.

அவர் கொல்லையில் இருந்தபோது லலிதாம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தார். நான்தான் அச்சுக்கு முன்னாலேயே படித்தேன் மேடம், முழுசும் படித்தேன், அந்தப் பக்கம் நன்றாக இருந்தது, அதனால் வாயைத் திறக்கவில்லை என்றார். பரவாயில்லைம்மா என்றேன். அதில்லை, இவருக்குத் தெரியாமல் இரும்புலியூருக்குப் பத்திரிகை வைக்கப் போனபோது ஒரு பிரதியும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், நாலு நாள் ஆகிறது என்றார்.

 யோசித்துப் பாருங்கள். அங்கே ஒரு மனிதர் முப்பது வருடம் கழித்து அண்ணன் மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்று கையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். இங்கே அண்ணன் அதை முந்நூறு பிரதியிலிருந்தும் பிளேடு போட்டு எடுத்துக் கொளுத்திக்கொண்டிருக்கிறார். தம்பி நாளைக்கு வராவிட்டால் கவலையில்லை. வந்து, மண்டபத்தில் இன்னொரு பிரதியை விரித்தால்? முதல் தடவை வரிசைப்படி என்று அனுப்பினார். இரண்டாம் தடவை ஊரைக் கூட்டி வைத்து அறுத்துப் போட்ட மாதிரி ஆகும். அதற்கப்புறம் அந்த இரண்டு பேரும் ஒருத்தர் சாவுக்கு ஒருத்தர் போக மாட்டார்கள். அதற்குக் காரணம் நான்.

சாரிடம் சொல்லிவிடலாமா? சொன்னால், போய் அந்தப் பிரதியையும் வாங்கி வா என்பார். சொல்ல வேண்டாம் என்று லலிதாம்மா கண்ணாலேயே கெஞ்சினார். நான் சொல்லவில்லை. இதுவும் ஒரு திருட்டுத்தனம்தான். ஆனால் இந்தத் தடவை என் வரிக்காகச் செய்யவில்லை.

மறுநாள் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மண்டபம். நான் போட்ட திட்டம் இதுதான்: தாம்பூலப் பை கொடுக்கிற மேஜையில் நானே உட்கார்ந்துகொள்வது. குமரேசன் வந்தால் புத்தகமில்லாத பையாகப் பார்த்துக் கொடுப்பது. ஆனால் அவர் முகம் எனக்குத் தெரியாதே. லலிதாம்மா மணையில் இருக்கிறார், கேட்க முடியாது. எழுபது வயதுக்கு மேல் தெரிகிற ஆண்கள் அத்தனை பேருக்கும் புத்தகமில்லாத பையைக் கொடுத்தேன். இரண்டு பேர் திரும்பி வந்து சண்டை பிடித்தார்கள். உமா வந்து, ஆன்ட்டி நீங்க டிஃபன் சாப்பிடுங்கோ என்று மரியாதையாக என்னைக் கிளப்பிவிட்டாள்.

அபிஷேகம் முடிந்து, புதுப் பட்டோடு இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆசீர்வாதம் வாங்க வரிசை நின்றது. வரிசையில் அரைக்கைச் சட்டை போட்ட ஒரு மனிதர், கையில் மஞ்சப்பை. பின்னால் அவர் மனைவி. சாருடைய அதே நெற்றி, அதே காது. எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாள் கையில் தாம்பூலப் பை தொங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கிளப்பிவிட்ட பத்தாவது நிமிஷத்தில் உமா கொடுத்திருக்கிறாள். முண்டியடித்துக்கொண்டு மேடைப் பக்கம் போனேன்.

சபாபதி சார் தம்பியைப் பார்த்துவிட்டார். எழுந்திருக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மனைவியைப் பார்த்தார். லலிதாம்மா ஹோமகுண்டம் இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குமரேசன் விழுந்து கும்பிட்டார். எழுந்து, மஞ்சப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். எழுபத்தோராம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை வைத்திருந்தார்.

“படிச்சேண்ணா. நீ அன்னிக்கு சாப்பிடலன்னு எனக்குத் தெரியாது” என்றார். பக்கத்தை அண்ணன் முன்னால் விரித்து, “நானும் சாப்பிடல” என்றார்.

சார் அந்தப் பக்கத்தையே பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எரித்துவிடுவார் என்று நினைத்தேன்.

குமரேசன் பேனாவை நீட்டினார். இந்தப் பக்கத்திலேயே கையெழுத்துப் போடு என்றார். அப்போதுதான் அவர் மனைவி, பையனுக்கும் ஒன்று வேண்டும், இதிலும் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று தாம்பூலப் பையிலிருந்த புத்தகத்தை எடுத்து நீட்டினார். குமரேசன் வாங்கினார். எழுபதைப் புரட்டினார். அடுத்து எழுபத்து மூன்று இருந்தது. விரலால் நடுவே தடவினார்.

நான் உள்ளே புகுந்தேன். பைண்டிங்கில் ஏதோ கோளாறு, ஒன்றிரண்டு பிரதியில் இப்படி ஆகிவிட்டது, வேறு எடுத்துத் தருகிறேன் என்று உளறினேன். நான் யாரென்றே அவருக்குத் தெரியாது. புத்தகத்தை என் முன்னால் பிடித்தார்.

“நாப்பது வருஷம் மோட்டாருக்குள்ள கம்பி உரசாம பேப்பர் வெட்டி வச்சவன் மேடம் நானு. இது பிளேடு” என்றார்.

மேடைக்குப் பக்கத்தில் மலர்க்கூடையோடு இன்னும் நாலைந்து பிரதிகள் இருந்தன. அவரே போய் ஒன்றை எடுத்தார். விரித்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். விரித்தார். வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நாதஸ்வரக்காரர்கூட எதற்கென்று தெரியாமல் நிறுத்திவிட்டார்.  நான் எழுதியதய்யா எல்லாம், அவர் ஒரு பாவமும் அறியார் என்று கத்திவிடலாமா என்று வாய் வரை வந்தது. கத்தியிருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்திருக்கும். அண்ணன் மன்னிப்பே கேட்கவில்லை என்று தம்பிக்குத் தெரிந்திருக்கும். வாயை மூடிக்கொண்டேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்த வாயை மூடியதுதான்.

குமரேசன் திரும்பி வந்து அண்ணன் முன்னால் நின்றார். வெட்டிய பிரதியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

சபாபதி சார் தம்பி கையிலிருந்த பழைய பிரதியை, பஸ் டிக்கெட் வைத்திருந்ததை, வாங்கினார். மடியில் வைத்து, பேனாவைத் திறந்து, எழுபத்தோராம் பக்கத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். அதிகாரியல்லவா.

“அது உனக்கு எழுதினது. ஊர்ல இருக்கவனுக்கெல்லாம் எதுக்கு?” என்றார்.

குமரேசன் புத்தகத்தை வாங்கி மஞ்சப்பைக்குள் வைத்தார்.  வெட்டிய பிரதியை மனைவியிடம் திருப்பிக் கொடுத்து, பையனுக்கு இது போதும் என்றார். லலிதாம்மா பட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் தூணுக்குப் பின்னால் போய் நன்றாக அழுதேன். உமா வந்து, டிஃபன் சாப்பிட்டீங்களா ஆன்ட்டி என்று மறுபடியும் கேட்டுவிட்டுப் போனாள்.

முப்பது வருடம் யோசித்திருந்தாலும் எனக்கு ‘அது உனக்கு எழுதினது’ என்ற வரி வந்திருக்காது. பயலுக்கு எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. எண்பது வயதுக்காரரைப் பயல் என்று சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். அன்று அப்படித்தான் தோன்றியது.

பந்தியில் அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து இலை.  கத்தரிக்காய் ரசவாங்கியில் உப்புக் கம்மி என்று ஒருத்தர் சொன்னார், இன்னொருத்தர் ஆமாம் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு அவர்களைத் தாண்டிப் போய்விடப் பார்த்தேன். சபாபதி சார் கையைத் தூக்கி நிறுத்தினார். தம்பி பாயசத்துக்கு அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். சார் என்னைக் குனியச் சொன்னார். இன்றைக்குத் தப்ப முடியாது என்று குனிந்தேன்.

“நாம யாருக்கும் சொன்னதில்லையே, இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நேத்து காலையிலேர்ந்து மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன்” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். “ஆனா ஒரு தப்பு விட்டுட்டீங்க மேடம். ரெண்டு இடம் முன்னால இல்லை. நாலு.”